திருப்பிச் சொல்லுங்க, கேப்டன்!

"ஒன்பதாயிரம் அடி" என்று டவர்காரர் தெளிவாகத்தான் சொன்னார்.

"ஏழாயிரம் அடி" என்று கேப்டனும் தெளிவாகத்தான் திருப்பிச் சொன்னார்.

"ஏழு இல்ல கேப்டன், ஒன்பது."

"ஓ, ஒன்பதா. சரி."

"மொத்தத்தையும் முதல்லேருந்து திருப்பிச் சொல்லுங்க."

"ஏழு-நாலு விமானம், ஏரி முனை வழியா போறேன், கிளம்பினதும் வலது பக்கம் திரும்பறேன்..."

"இடது பக்கம்!"

டவர்காரர் ஹெட்போனைக் கழற்றி, உள்ளே ஏதாவது பூச்சி குடித்தனம் வந்திருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

விமானம் கிளம்புவதற்கு முன்னால் டவரிலிருந்து கிளியரன்ஸ் என்று ஒன்று கொடுப்பார்கள். எந்த வழியாகப் போக வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் ஏறலாம், ரேடாரில் தெரிய என்ன அடையாள எண். நாலே நாலு சமாசாரம். விமானி அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை சக்கரம் ஓர் அங்குலம் உருளக்கூடாது. 'புரிஞ்சுது' என்றால் செல்லாது. 'அதேதான்' என்றால் செல்லாது. தலையாட்டினால் டவருக்குத் தெரியாது.

இந்தக் கேப்டன் இத்தனை வருஷமாக அந்த நாலையும் கொட்டாவி விட்டுக்கொண்டே, கொட்டாவி முடிவதற்குள் சொல்லி முடிக்கிற ஆசாமி. இன்றைக்கு என்ன வந்தது அவருக்கு?

வேறொரு நாளாக இருந்தால் டவர்காரர் சிரித்துக்கொண்டே பத்து தடவை சொல்லிக் கொடுத்திருப்பார். இன்றைக்கு முடியாது. இன்றைக்கு அந்த விமானத்தின் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் டவர்காரரின் மாமனார்.

மாமனார் "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவர். சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டர் அதற்குப் பிறகு மூன்று தாளைப் பறிகொடுத்துவிட்டது. தங்கமான மனிதர். குரலை உயர்த்தமாட்டார், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். ஒரே ஒரு பழக்கம்தான். கண்ணில் பட்ட எதையும் கழற்றிப் பார்ப்பார்.

முதலில் மின்விசிறி. அவர் சரிசெய்த பிறகு அது காற்றையெல்லாம் மேல்நோக்கி அனுப்ப ஆரம்பித்தது. கீழே ஆட்கள் வியர்வையில் நீந்த, கூரைக்கு ஜலதோஷமே பிடித்திருக்கும். அடுத்தது வாஷிங் மெஷின். அது துணியோடு சேர்ந்து தானும் சுற்றி, மெல்ல நகர்ந்து, ஒருநாள் வாசல்வரை போய்க் கதவைத் தட்டியது. காலிங் பெல்லை அழுத்தினால் குளியலறை விளக்கு எரிந்தது. "குளிக்கிறவங்களுக்கும் ஆள் வந்திருக்குன்னு தெரியணும்ல மாப்பிள்ளை" என்று அதை ஒரு முன்னேற்றமாகவே சொன்னார். எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் கை நிறைய திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்" என்பார்.

வீட்டில் முழுதாக மிச்சமிருந்தது டவர்காரரின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். முந்தின நாள் மாலை மாமனார் அதைச் சுற்றி வந்து, குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வண்டில ஏதோ ஒரு சத்தம் குறையுதே மாப்பிள்ளை" என்றார். டவர்காரர் அன்றிரவு சாவியை வாயில் போட்டுக்கொண்டு தூங்காததுதான் குறை.

இதில் இன்னொரு சங்கடம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடுபாதையை மூடித் தார் போடப் போகிறார்கள். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு அங்கே ஒரு காக்காய்கூட இறங்க முடியாது. ஏழு-நாலு பஸ் மாதிரி ஓடுகிற விமானம். ஏரியின் எதிர்க்கரைக்குப் போகக் கால் மணி, வரக் கால் மணி. காலையில் ஒரு நடை போய் வந்தாயிற்று. பத்தரைக்கு இன்னொரு நடை போய், பன்னிரண்டுக்குள் திரும்பிவந்து ஷெட்டில் நின்றுவிட வேண்டும் என்று ஏற்பாடு. கேப்டனுக்கும் வீடு இங்கேதான், விமான நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில். ஆக, மாமனார் இதில் போனால் போனார். போகாவிட்டால் இன்னும் மூன்று வாரம். மோட்டார் சைக்கிளுக்கு மூன்று நாளே போதும்.

டவர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தத் தடவை நிதானமாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக ஊட்டினார்.

"ஏழு... நாலு... ஏரி... முனை... வழியா... போகலாம்... கிளம்பினதும்... இடது... பக்கம்... திரும்பணும்... ஒன்பது... ஆயிரம்... அடி... அடையாள... எண்... நாலு... ரெண்டு... ஆறு... ஒண்ணு."

மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கேப்டன்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். நீங்க கடைசி வார்த்தைக்கு வர்றதுக்குள்ள முதல் வார்த்தை எனக்கு மறந்துபோச்சு. எங்க போகணும்னு சொன்னீங்க?"

அந்தக் கண்ணாடி அறையின் மறுமூலையில் உட்கார்ந்திருந்த வானிலை அக்கா, காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "தம்பி, வெளியில வானம் சுத்தமா இருக்கு. உன் மூஞ்சியிலதான் புயல் சின்னம் தெரியுது."

"அக்கா, நீங்க வேற. உங்களுக்கு விஷயம் தெரியும்ல?"

"தெரியாம என்ன? போன வாரம் உங்க வீட்டுக்கு வந்து பெல்லை அழுத்தினேனே. உள்ள யாரோ 'ஐயோ, ஆள் வந்துட்டாங்க'ன்னு சோப்பு நுரையோட கத்தினாங்க."

அதற்குள் ரேடியோவில் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. குரலுக்குப் பின்னால் கீச் கீச் கீச் என்று ஆயிரம் தொண்டைகள்.

"டவர், நான் பின்னாடி கோழி விமானம் பேசறேன். இங்க ரெண்டாயிரம் கோழிக்குஞ்சு காத்துட்டிருக்கு சார். எங்களுக்கு எப்போ?"

"கொஞ்சம் பொறுங்க. முன்னாடி நிக்கிறவர் போனதும்தான்."

"அவர் போற மாதிரி தெரியலையே சார். இதுங்க வளர்ந்து முட்டை போட ஆரம்பிச்சிடும்."

டவர்காரர் உத்தியை மாற்றினார். மொத்தமாகக் கொடுத்தால்தானே குழப்பம்? துண்டு துண்டாகக் கொடுத்துவிடலாம்.

"ஏரி முனை வழியா."

"ஏரி முனை வழியா" என்றார் கேப்டன், கண்ணாடி மாதிரி.

"இடது பக்கம்."

"இடது பக்கம்."

"ஒன்பதாயிரம் அடி."

"ஒன்பதாயிரம் அடி."

"அடையாள எண் நாலு ரெண்டு ஆறு ஒண்ணு."

"நாலு ரெண்டு ஆறு ஒண்ணு."

டவர்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பிரமாதம் கேப்டன்! அப்படியே நாலையும் சேர்த்து ஒரே ஒரு தடவை!"

"சேர்த்துச் சொல்றேன். நாலாயிரத்து இருநூத்து அறுபத்தோரு அடி உயரத்துல ஏரி முனைக்கு இடது பக்கமா போறேன். அடையாள எண் ஒன்பதாயிரம்."

எழுந்த பாதியும் உட்கார்ந்தது. அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது; அது வலதுபக்கம் சாய்ந்து அவரை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தது.

"நான் சொல்றேன் சார்!" என்று கோழிக்காரர் பாய்ந்தார். "ஏரி முனை வழியா, கிளம்பினதும் இடது பக்கம், ஒன்பதாயிரம் அடி, நாலு ரெண்டு ஆறு ஒண்ணு! இவ்வளவுதானே? இந்நேரம் என் குஞ்சுகளே சொல்லும்!" பின்னாலிருந்து இரண்டாயிரம் கீச்.

"அருமையா சொன்னீங்க. ஆனா நீங்க சொன்னா செல்லாது. அவர்தான் சொல்லணும்."

"அப்ப எங்களோடதையாவது கொடுங்க. இந்தப் பக்கம் சந்து வழியா நாங்க முன்னாடி போயிடறோம்."

நியாயமாகத்தான் பட்டது. பின்னாலிருக்கிறவர் கிளம்பிப் போனால் முன்னாலிருக்கிறவருக்கு ரோஷம் வந்தாலும் வரும். டவர்காரர் தரையில் உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்துக் கோழி விமானத்துக்கு உண்டானதைச் சொன்னார்: "மலை முனை வழியா, வலது பக்கம், ஐயாயிரம் அடி, நாலு ரெண்டு ஆறு ரெண்டு."

உடனே பதில் வந்தது. தங்குதடையில்லாமல், ஒரே மூச்சில், நடுவில் ஒரு சின்னக் கொட்டாவியோடு. சொன்னவர் கேப்டன்.

"அது என் கிளியரன்ஸ்!" என்று கோழிக்காரர் அலறினார். கோழிக்குஞ்சுகளும் அலறின.

"கேப்டன், அது உங்களுக்கு இல்லையே!" என்று டவர்காரரும் அலறினார்.

"அப்படியா? கேட்க நல்லா இருந்துது, அதான் சொல்லிட்டேன். எனக்கு இதையே கொடுத்துடுங்களேன்."

"மலை முனை வழியா போனா நீங்க எதிர்க்கரைக்குப் போகமாட்டீங்க கேப்டன், மலைக்குத்தான் போவீங்க!"

ஒரே கிளியரன்ஸை இரண்டு விமானத்துக்காரர்களும் கையில் வைத்துக்கொண்டால் சட்டப்படி இரண்டையும் ரத்துசெய்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரத்துசெய்தார். ரத்துசெய்ததையும் இருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். கோழிக்காரர் சொன்னார். கேப்டன், "எதை ரத்து பண்றீங்க, முதல்ல சொன்னதையா, ரெண்டாவது சொன்னதையா, அதுக்கு நடுவுல மெதுவா சொன்னீங்களே அதையா?" என்று கேட்டார்.

தொலைபேசி மணி அடித்தது. மனைவி.

"என்னங்க, விமானம் இன்னும் கிளம்பலையாமே? அப்பா போன் பண்ணினார்."

"இதோ கிளம்பிடும். ஒரு சின்ன இழுபறி."

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள். குரல் குழைந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட குழைவு. "நீங்கதான் நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"நானா?"

"விமானத்துல அறிவிச்சாங்களாம், டவர்லேருந்து இன்னும் அனுமதி கிடைக்கலைன்னு. டவர்னா யாரு? நீங்கதானே? அப்பா உடனே புரிஞ்சுக்கிட்டார். 'மாப்பிள்ளைக்கு என்னை அனுப்ப மனசே வரலைம்மா, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன், இப்படித் தவிக்கிறார்'னு சொல்லிச் சொல்லி அழறார். பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து அழறாராம்."

டவர்காரர் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்கூட உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்ங்க. காலையில அப்பா பெட்டியை நீங்களே தூக்கிட்டு ஓடினீங்களே, விசில் அடிச்சுக்கிட்டே, அப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்துது. அழுகையை மறைக்கத்தான் விசில்னு இப்பதான் தெரியுது."

"இங்க பாரு, அப்படியெல்லாம்..."

"அப்பா சொல்லிட்டார். 'இவ்வளவு பாசத்தை மிதிச்சிட்டுப் போக எனக்குக் கல்நெஞ்சு இல்ல. கதவைத் திறந்தா இறங்கிடறேன். இன்னும் மூணு வாரம் இருந்துட்டுப் போறேன். மாப்பிள்ளையோட வண்டியையும் பார்த்துடறேன்'னு. வெச்சிடறேன்ங்க, ராத்திரி நல்லா சமைக்கணும்."

டவர்காரர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். வானிலை அக்கா அதை வாங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

"என்ன தம்பி, தாழ்வு மண்டலமா?"

"அக்கா, கதவைத் திறந்தா இறங்கிடுவாராம்!"

"அப்ப கதவைத் திறக்காம பார்த்துக்கோ."

டவர்காரரின் மூளை வேலைசெய்தது. வேலைசெய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயால் சொன்னால்தானே கேப்டன் குழப்புகிறார், எழுதிக் கொடுத்துவிட்டால்? பார்த்துப் படிப்பதில் எவன் பிசக முடியும்? ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் நாலு வரி எழுதினார். வாக்கிடாக்கியில் ஏணிக்காரரைக் கூப்பிட்டார்.

ஏணிக்காரர் என்பவர் விமானம் வந்ததும் ஏணிப்படியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவில் ஒட்டி நிறுத்துகிறவர். ஏறுகிறவர், இறங்குகிறவர், அவர்களுடைய பெட்டி, சண்டை, ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நாலு மாடி ஏறி வந்து தாளை வாங்கிக்கொண்டு, நாலு மாடி இறங்கி ஓடினார்.

டவர்காரர் ஆணியில் மாட்டியிருந்த பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். ஏணிக்காரர் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஏணிப்படியைத் தள்ளிக்கொண்டு விமானத்தை நோக்கிப் போவது தெரிந்தது. படி விமானத்தில் ஒட்டி நின்றது. கதவு திறந்தது.

கதவு திறந்தது என்பதன் முழு அர்த்தம் டவர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

பைனாகுலர் வட்டத்துக்குள், கையில் பெட்டியோடு, கண்ணீரும் புன்னகையுமாக, படியின் உச்சியில் மாமனார் தோன்றினார். டவரைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்தார். மருமகனைக் கட்டிக்கொள்ள அங்கிருந்தே ஒத்திகை பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஏணி!" என்று வாக்கிடாக்கியில் கத்தினார் டவர்காரர். "அவரை விடாதே! உள்ள அனுப்பு!"

"யாரை சார்?"

"அழுதுக்கிட்டே சிரிக்கிறார் பார், அவரை!"

"மாப்பிள்ளையைப் பார்க்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார் சார். ஒரு கால் படியில வெச்சிட்டார். நான் குறுக்க நிக்கிறேன், என்னையும் கட்டிப்பிடிச்சிட்டார்."

என்ன சொன்னால் அந்த மனிதர் திரும்பி உள்ளே போவார்? மிரட்டினால் போகமாட்டார். கெஞ்சினால் பாசம் இன்னும் பெருகும். டவர்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த வியர்வையில்தான் யோசனை பிறந்தது.

"ஏணி, அவர்கிட்ட சொல்லு: உள்ள ஒரு சாப்பாட்டு மேஜை ஆடுதாம், யாருக்கும் சரிபண்ணத் தெரியலையாம்."

பைனாகுலரில் ஓர் அற்புதம் நடந்தது. ஏணிக்காரர் காதில் ஏதோ சொன்னார். மாமனாரின் கண்ணீர் நின்றது. மூக்கு விடைத்தது. பெட்டியை ஏணிக்காரரின் கையில் திணித்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஏணிக்காரர் பெட்டியை அவர் பின்னாலேயே உள்ளே எறிந்து, தாளைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, கதவைச் சாத்தச் சொல்லி, படியை இழுத்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டார்.

"ஜெயிச்சிட்டேன் அக்கா!" என்று டவர்காரர் குதித்தார்.

ரேடியோ கரகரத்தது. "டவர், ஏழு-நாலு. ஒரு சின்ன விஷயம்."

"தாள் வந்துதா கேப்டன்? பார்த்துப் படிங்க, முடிஞ்சுது!"

"தாள் வந்துது. அதுமேல டீ கொட்டிடுச்சு."

"எப்படிக் கொட்டிச்சு?"

"மேஜை விழுந்துடுச்சு. ஒரு பயணி வந்து, ஆடாம நின்ன மேஜையைக் கழட்டிட்டார். நாணயத்தாலயே கழட்டிட்டார், பார்க்க ஆச்சரியமா இருந்துது. இப்ப அடுத்த வரிசைக்குப் போயிட்டார்." கேப்டனின் குரலில் கவலையே இல்லை, சொல்லப்போனால் ஒரு துள்ளல்கூடத் தெரிந்தது. "விமானத்துல ஒண்ணு கழண்டிருந்தா அதை மாட்டி, மெக்கானிக் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாம நான் எப்படிக் கிளம்பறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மெக்கானிக் போனார். அதற்குள் மாமனாரே மேஜைகளை மாட்டியிருந்தார். மாட்டியபிறகு கை நிறையத் திருகாணி மிஞ்சியது. "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்" என்று மாமனார் மெக்கானிக்குக்கு விளக்கினார். மெக்கானிக் அவரை சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை அவரே போட்டுவிட்டு, எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, ஒழுங்காக மாட்டி, மாமனார் பெல்ட்டின் கொக்கியைப் பார்க்கிற பார்வையைக் கண்டு பயந்து, அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

இதற்குள் ஓடுபாதையின் கோடியில் தார்க்காரரின் படை வந்து நின்றுவிட்டது. ரோலர் ஒன்று உறுமியது. கொதிக்கிற தார் வண்டியிலிருந்து கரும்புகை எழுந்து டவரின் கண்ணாடியில் படிந்தது. தார்க்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு டவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி டவரை. பார்வையாலேயே தார் ஊற்றினார்.

மணி பன்னிரண்டு அடிக்க இன்னும் பத்து நிமிஷம்கூட இல்லை.

"கேப்டன்" என்றார் டவர்காரர். "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எந்த வழி வேணும்னாலும் கேளுங்க, தர்றேன். எவ்வளவு உயரம் வேணும்னாலும் கேளுங்க. இடது பக்கம் பிடிக்கலைன்னா வலது பக்கம் திரும்புங்க. சொல்லுங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும் சார். பன்னெண்டுன்னா பன்னெண்டேதானா? முன்ன பின்ன ஆகாதா? ஒரு விமானம் கொஞ்சம் தாமதமா வருதுன்னா தார்க்காரர் பொறுத்துக்கமாட்டாரா?"

டவர்காரருக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. மனுஷன் இன்னும் சலுகையா எதிர்பார்க்கிறார்!

"பொறுத்துக்கமாட்டார்! ஒரு நொடி தரமாட்டார்! இந்த நாட்டு ராஜாவே மேல சுத்திக்கிட்டு நின்னாலும் அப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான்! தார் ஊத்தியாச்சுன்னா மூணு வாரத்துக்கு எவனும் இங்க இறங்க முடியாது, போதுமா?"

"நிச்சயமா?"

"சத்தியமா!"

ஒரு கணம் ரேடியோவில் கோழிக்குஞ்சுகள்கூட வாயை மூடிக்கொண்டன.

பிறகு கேப்டனின் குரல் வந்தது. தேன் ஒழுகுகிற மாதிரி வந்தது. "ஏழு-நாலு, ஏரி முனை வழியா போறேன், கிளம்பினதும் இடது பக்கம் திரும்பறேன், ஒன்பதாயிரம் அடி வரைக்கும் ஏறறேன், அடையாள எண் நாலு ரெண்டு ஆறு ஒண்ணு. இன்ஜின் ரெடி, நானும் ரெடி."

டவர்காரர் வாயைப் பிளந்தார். வானிலை அக்கா பேனாவைக் கீழே போட்டார். கோழிக்காரர் கைதட்டியது ரேடியோவிலேயே கேட்டது.

"ச... சரியா இருக்கு" என்றார் டவர்காரர். "எல்லாம் சரியா இருக்கு! கிளம்புங்க! பறங்க! போங்க!"

அந்த விமானம் அவ்வளவு வேகமாக ஓடி டவர்காரர் பார்த்ததில்லை. ஓடுபாதையில் பாதிகூடத் தேவைப்படவில்லை, கொக்கு மாதிரி எழும்பிவிட்டது. இடது பக்கம்தான் திரும்பியது. தன் கிளியரன்ஸை மறுபடி வாங்கி ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோழி விமானமும் கிளம்பி வலதுபுறம் திரும்பியது. கீச் என்ற கடைசி ஒலி மலைப்பக்கம் தேய்ந்து மறைவதற்குள் தார்க்காரர் கையை வீசினார். ரோலர்கள் உறுமிக்கொண்டு ஓடுபாதையில் இறங்கின. முதல் வாளித் தார் தொபக்கென்று விழுந்தது. பன்னிரண்டு.

டவர்காரர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஏழு-நாலு ஒரு புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் ஆகும்வரை பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

தொலைபேசி.

"போயிட்டாராங்க அப்பா?"

"போ... போயிட்டார்ம்மா" என்று விம்மினார்.

"அழாதீங்க. நீங்க இப்படி அழுது நான் பார்த்ததே இல்ல. மூணு வாரம் கழிச்சு ஓடுபாதை திறந்ததும் முதல் விமானத்துல வரச் சொல்றேன்."

அதைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாத பேரின்பத்தில் இருந்தார் டவர்காரர். மூன்று வாரம் என்பது ஒரு யுகம். யுகத்தில் எத்தனையோ நடக்கும். வண்டியை எங்காவது நண்பர் வீட்டில் ஒளித்து வைக்கலாம்.

ஏணிக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வேலை முடிந்தது, ஏணியை ஷெட்டில் விட்டாயிற்று என்று சொல்ல வந்தவர். டவர்காரர் அவரை அப்படியே தழுவிக்கொண்டார். தன்னிடமிருந்த டீயை அவருக்குக் கொடுத்தார், ஒரு சக்கரம் இல்லாத தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். ஏணிக்காரர் சாய்ந்துகொண்டே டீ குடித்தார்.

ஜெயித்தவனுக்கு உலகத்தின் மேலேயே இரக்கம் சுரக்கும் அல்லவா? டவர்காரருக்கும் சுரந்தது.

"நமக்கு நல்லதாப் போச்சு. ஆனா அந்தக் கேப்டனை நெனச்சாத்தான் அக்கா நெஞ்சு பொறுக்கல" என்றார். "பாருங்க, கிளம்ப வேண்டிய நேரத்துக்குக் கிளம்பியிருந்தா இந்நேரம் வீட்டுல கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். இப்ப திரும்பி வர வழியே இல்ல. மூணு வாரம் எதிர்க்கரையில, ஏதோ ஒரு ஹோட்டல் ரூம்ல, ஒத்தையில கிடக்கணும்."

"வயசாகுது, ஞாபகம் பிசகுது" என்றார் வானிலை அக்கா. "யாருக்கும் வரக்கூடியதுதான்."

"அதான் அக்கா. மாற்றுத் துணிகூடக் கொண்டு போயிருக்கமாட்டார் பாவம்."

"பெரிய பெட்டியாத்தான் சார் கொண்டு போனார்" என்றார் ஏணிக்காரர், டீயை ஊதிக்கொண்டே.

"கால் மணிப் பயணத்துக்கா? பார்த்தீங்களா அக்கா, எவ்வளவு குழம்பிப் போயிருக்கார்! ஏணி, நீ ஒரு நடை அவர் வீட்டுக்குப் போய், பக்குவமா, அதிர்ச்சி ஆகாம சொல்லிட்டு வந்துடேன். பாவம், அவங்க வீட்டம்மா தனியா இருப்பாங்க."

"தனியா எங்க சார் இருக்காங்க?" என்றார் ஏணிக்காரர். "காலையில முதல் நடையில ஆறு பெட்டியோட கேப்டனோட மாமியாரை நான்தானே இறக்கிவிட்டேன், மூணு வாரம் தங்கப் போறாங்களாம்."